‘சரிங்க’ என்ற சொல்லுக்குள்: நிறுவனப் பண்பாட்டை அளக்கப் புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கோவையிலோ திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஒரு தொழிற்கூடத்தில் மனிதவள அலுவலராகப் புதிதாகச் சேர்ந்தவரும், படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் ஃபவுண்டரிக்கோ நூற்பாலைக்கோ திரும்பி வந்திருக்கும் அடுத்த தலைமுறைப் பிள்ளையும் முதல் சில வாரங்களில் மிக அதிகமாகக் கேட்கும் சொல் ‘சரிங்க’ என்பதுதான். புது இலக்கைச் சொன்னாலும் சரிங்க, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரச் சொன்னாலும் சரிங்க, முடியவே முடியாது என்று சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்த ஒரு தேதிக்குள் சரக்கை அனுப்பச் சொன்னாலும் சரிங்க. ஒப்புக்கொள்கிறேன் என்பதற்கும் இதே சொல்தான். நீங்கள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கும் இதே சொல்தான். எதிர்த்துப் பேசி என்ன ஆகப் போகிறது என்பதற்கும் இதே சொல்தான். ஒரு கம்பெனியில் இந்தச் சொல் பெரும்பாலும் எந்தப் பொருளில் புழங்குகிறது என்று கண்டறிவதே அந்தக் கம்பெனியின் பண்பாட்டை அளப்பதில் பாதி வேலை என்று, பதினைந்து ஆண்டுகளாக இந்த வட்டாரத்து ஆலைகளில் மனிதவளப் பணியில் இருக்கும் நான் நம்புகிறேன்.

மீதிப் பாதி, கெட்ட செய்தி எவ்வளவு நேரத்தில், எவ்வளவு முழுமையாக மேலே போய்ச் சேர்கிறது என்று பார்ப்பது. கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாமே இந்த இரண்டையும் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: எதை அளக்கிறோம் என்று முடிவு செய்வது

பண்பாட்டை அளக்கச் சொன்னால் பலர் ‘நீங்கள் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா’ என்று கேட்டு ஒரு படிவம் தயாரித்துவிடுகிறார்கள். அது அந்த நேரத்து மனநிலையை அளக்கும். தீபாவளி போனஸ் அறிவித்த வாரத்தில் அந்த எண் ஏறும், ஆர்டர் குறைந்து வேலை நாட்கள் வெட்டப்படும் மாதத்தில் இறங்கும். போனஸ் வந்தாலும் வராவிட்டாலும், மேலாளர் மாறினாலும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே புதிதாக வந்தவர் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டுவிடும் நடைமுறைதான் பண்பாடு. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது, யாரிடம் முதலில் போக வேண்டும், எந்த விதியை மீறினால் பரவாயில்லை என்பவையெல்லாம் அதில் அடங்கும்.

இதைப் புரிந்துகொள்ள எட்கர் ஷைன் வகுத்துத் தந்த மூன்று அடுக்குகள் இன்றும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த அவர், கண்ணுக்குத் தெரிபவை ஒரு அடுக்கு, நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்பவை இரண்டாம் அடுக்கு, யாரும் வாய்விட்டுச் சொல்லாமல் எல்லோரும் உண்மையென்று எடுத்துக்கொண்டவை மூன்றாம் அடுக்கு என்று பிரித்தார். ஒரு நூற்பாலையின் ஸ்பின்னிங் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். நுழைவாயிலில் காதடைப்பான் பெட்டி தொங்குவது முதல் அடுக்கு. அதற்கு மேலே ‘பாதுகாப்பே முதன்மை’ என்று எழுதியிருப்பது இரண்டாம் அடுக்கு. இருபது வருட அனுபவமுள்ள மேஸ்திரி காதில் எதுவும் இல்லாமல் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் எந்திரங்களுக்கு நடுவே நடப்பதும், அந்த எந்திரங்களைக் கவனிக்கப் புதிதாக வந்த சைடர் பெண் இரண்டாம் வாரத்திலேயே அடைப்பானைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வதும் மூன்றாம் அடுக்கு வெளியே எட்டிப் பார்ப்பதன் அடையாளம்: ‘பழகினவர்களுக்கு இது தேவையில்லை, போட்டுக்கொண்டிருப்பவர் இன்னும் பழகாதவர்.’ படிவத்தில் ‘இங்கே பாதுகாப்புக்கு முக்கியத்துவம் தரப்படுகிறது’ என்ற வரிக்கு இருவருமே ‘ஆம்’ என்றுதான் குறிப்பார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களிடம் இருக்காது. இரண்டாம் அடுக்கைப் பற்றிக் கேட்டால் இரண்டாம் அடுக்கிலிருந்துதான் பதில் வரும்.

‘எங்கள் பண்பாடு எப்படி இருக்கிறது’ என்பது அளக்க முடியாத அளவுக்குப் பெரிய கேள்வி. ‘சேரும் பெண்களில் பலர் மூன்று மாதத்துக்குள் ஏன் நின்றுவிடுகிறார்கள்’, ‘தையலில் நேர்ந்த பழுது ஏன் பேக்கிங் வரை வந்த பிறகே தெரிகிறது’ என்பதுபோல, கம்பெனிக்கு உண்மையிலேயே வலிக்கிற ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள். அதன் வழியே போனால் பண்பாடு தானாகக் கண்ணில் படும்.

தொடங்கும் முன் முதலாளியிடம் இரண்டு விஷயங்களுக்கு உறுதி வாங்குவது கட்டாயம். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டேன் என்பது ஒன்று. கிடைத்த முடிவை, தனக்குப் பிடிக்காததாக இருந்தாலும், தொழிலாளர்களுக்குத் திரும்பச் சொல்வேன் என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் தயங்குகிறார் என்றால் படிவம் எதுவும் வேண்டாம். அடுத்து வரும் பார்வையிடலையும் பதிவேடுகளையும் மட்டும் செய்யுங்கள். கேட்டுவிட்டுப் பதிலே சொல்லாமல் இருப்பதைவிடக் கேட்காமலே இருப்பது மேல்.

இரண்டாம் படி: ஒரு வாரம் வெறுமனே பார்ப்பது

ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு முழு வாரம் எல்லா ஷிப்ட்டிலும் இருந்து பாருங்கள். இரவு ஷிப்ட்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மேலாளர்கள் வீட்டுக்குப் போன பிறகு தொடரும் வழக்கம்தான் உண்மையான வழக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் போட்டு, கண்ணால் கண்டது என்ன, அதற்கு நான் நினைக்கும் பொருள் என்ன, வேறு என்ன பொருள் இருக்கக்கூடும் என்று எழுதுங்கள். மூன்றாவது பத்தியை நிரப்பாதவர்கள் தாங்கள் முன்கூட்டியே நினைத்து வந்ததையே கண்டுபிடித்துவிட்டுப் போகிறார்கள்.

டீ நேரத்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள், கேன்டீனில் அலுவலகத்தாருக்குத் தனி மேசையும் தனித் தட்டும் உண்டா, அறிவிப்புப் பலகையில் கடைசியாக ஒட்டிய காகிதத்தின் தேதி என்ன, அது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து வேலை செய்பவர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கிறதா, ஊர் நோம்பிக்கு விடுப்புக் கேட்பவர் யாரிடம் எந்தக் குரலில் கேட்கிறார் என்பவற்றைக் கவனியுங்கள். ஒருவரை ஒருவர் அழைக்கும் முறையும் நிறையச் சொல்லும். நம் பக்கத்தில் சூப்பர்வைசரை ‘அண்ணா’ என்று அழைப்பது பொது வழக்கம். அந்த ‘அண்ணா’ திரும்பிப் பேசும்போது ‘வாங்க, போங்க’ என்கிறாரா, ‘வா, போ’ என்கிறாரா, வெளி மாநிலத்தவரைப் பெயர் சொல்லி அழைக்கிறாரா, ‘ஏய் இந்திக்காரா’ என்கிறாரா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மரியாதையை ‘ங்க’ என்ற ஈரெழுத்து ஒட்டில் வைத்திருக்கும் பேச்சு நம்முடையது. அந்த ஒட்டு எந்தப் படியோடு நின்றுபோகிறது என்று கவனித்தாலே கம்பெனியின் ஏணி முழுதும் தெரிந்துவிடும்.

ஆயுத பூஜை நாள் வாய்த்தால் அதைவிட நல்ல நாள் இல்லை. ஒரு சிறிய ஃபவுண்டரியில் அன்று நான் கண்டதைச் சொல்கிறேன். முந்தின நாள் மதியமே உலை நிறுத்தப்பட்டு, மணல் அச்சு செய்யும் மோல்டர்களும் வார்ப்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யும் ஃபெட்லிங் ஆட்களும் கரியும் மணலுமாக இருந்த தரையைக் கழுவினார்கள். ஒவ்வொருவரும் தாம் வேலை செய்யும் எந்திரத்தைத் தாமே துடைத்து, தாமே சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். முதலாளியின் மனைவி பொரியும் கடலையும் வெல்லமும் கலந்த பொட்டலத்தையும் புதுத் துணியையும் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். வரிசையின் கடைசியில் ஒப்பந்தக்காரர் அழைத்து வந்த எட்டுப் பேர் நின்றார்கள். அவர்கள் முறை வந்தபோது பொட்டலம் இருந்தது, துணி இல்லை. அவர்களுக்கு எனத் தனியாக எந்திரமும் இல்லாததால் அவர்கள் எதற்கும் பொட்டு வைக்கவும் இல்லை. ‘எங்கள் கம்பெனி ஒரே குடும்பம்’ என்று முதலாளி மனதாரச் சொன்னார், அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்தக் குடும்பத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதை அந்த எட்டுப் பேரின் கைகள்தான் எனக்குக் காட்டின.

பார்வையிடும் வாரத்தில் நான் தவறாமல் எண்ணிக் குறிக்கும் ஒன்று உண்டு. எந்திரம் நின்றுபோகும்போதோ பழுது வெளிப்படும்போதோ முதலில் வந்து சேரும் மேற்பார்வையாளர் சொல்லும் முதல் வாக்கியம் என்ன? ‘என்னாச்சு?’ என்று கேட்டால் ஒரு கோடு, ‘யாரு பண்ணுனது?’ என்று கேட்டால் வேறு பக்கத்தில் ஒரு கோடு. ஒரு வாரத்தில் இருபது முப்பது கோடுகள் சேர்ந்துவிடும். எந்தப் படிவமும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு நேராக எனக்கு விடை சொன்னதில்லை.

மூன்றாம் படி: இருக்கும் பதிவேடுகளைப் படிப்பது

புதிதாக எதையும் கேட்பதற்கு முன், கம்பெனி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். வேலையை விட்டுச் செல்வோர் விகிதத்தைக் கணக்கிட, ஓராண்டில் விலகியவர் எண்ணிக்கையைச் சராசரி ஆள்பலத்தால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு, சராசரியாக 240 பேர் இருக்கும் இடத்தில் 60 பேர் விலகினால் 25 சதவீதம். இதோடு நிறுத்திக்கொண்டால் பயன் குறைவு. அந்த 60 பேரில் 36 பேர் சேர்ந்து மூன்று மாதத்துக்குள் போனவர்கள் என்றால் சிக்கல் வரவேற்பிலும் பழக்குவதிலும் இருக்கலாம், பெரும்பாலோர் ஐந்து வருடம் இருந்துவிட்டுப் போனவர்கள் என்றால் முன்னேற வழியில்லாதது காரணமாக இருக்கலாம். பகுதி வாரியாக, ஷிப்ட் வாரியாக, நேரடி ஆட்கள் ஒப்பந்த ஆட்கள் எனப் பிரித்துப் பார்க்கும்போதுதான் எண்கள் பேசத் தொடங்குகின்றன.

பழுதுப் பதிவேட்டைப் படிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இணைந்து வேலை செய்யும் குழுக்களில்தான் பதிவான தவறுகள் அதிகமாக இருந்தன. அவர்கள் அதிகமாகத் தவறு செய்திருக்கலாம் என்பதைவிட, தவறை மறைக்காமல் வெளியே சொன்னார்கள் என்பதே பொருத்தமான விளக்கமாக அவருக்குப் பட்டது. இந்த எண்ணத்தையே வளர்த்து, அஞ்சாமல் பேச இடமிருக்கும் நிலையை அளக்கும் ஏழு வாக்கியங்களை 1999இல் வெளியிட்டார். நம் செக்கிங் மேசைக்கும் இது அப்படியே பொருந்தும். ஒரு லைனில் மாதம் முழுவதும் ‘டேமேஜ்’ கலத்தில் பூஜ்யம் இருந்தால் அந்த லைனைப் பாராட்டும் முன், அந்தப் பூஜ்யத்தை எழுதியவரிடம் போய்ப் பேசுங்கள்.

நான்காம் படி: உட்கார்ந்து பேசுவது

பேச்சுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது சூப்பர்வைசர் காட்டும் ‘நல்லாப் பேசுவாங்க’ என்ற ஆட்களோடு நின்றுவிடாதீர்கள். சம்பளப் பட்டியலைப் பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் குலுக்கல் முறையில் சிலரை எடுங்கள். கட்டிங் மாஸ்டர், டெய்லர், கைமடி, அயர்னிங், பேக்கிங் என எல்லா இடத்திலிருந்தும் ஆள் வர வேண்டும். அவர்களோடு வாட்ச்மேன், வண்டி ஓட்டுநர், கேன்டீன் சமையல்காரர், விடுதி வார்டன் ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாட்ச்மேனுக்குத் தெரிந்த அளவு முதலாளிக்குக்கூடத் தெரியாது.

இடம் அலுவலக அறையாக இருக்கக் கூடாது. கண்ணாடித் தடுப்புக்குள் ஒருவர் உட்கார்ந்திருப்பதைத் தளம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தால் அங்கே பேச்சு வராது. பெண்களிடம் ஒரு பெண் பேசுவது நல்லது. இந்தியோ ஒடியாவோ பேசுபவர்களுக்கு மொழிபெயர்க்க ஒப்பந்தக்காரரையோ அவருடைய ஆளையோ வைத்துக்கொள்ளவே கூடாது. வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வரும் செலவைத் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

என்ன கேட்பது என்பதில் அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளனகன் 1954இல் எழுதிய ஒரு முறை இன்றும் மிகவும் உதவுகிறது. கருத்தைக் கேட்காமல், நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்பதே அதன் சாரம். ‘இங்கே வெளிப்படையாகப் பேசலாமா’ என்று கேட்டால் ‘பேசலாமுங்க’ என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். ‘போன மாசத்தில் ஏதாவது ஒரு வேலை தப்பாகப் போனது ஞாபகம் இருக்கிறதா? அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? சொல்வதற்கு எவ்வளவு நேரமானது? அவர் என்ன சொன்னார்? அடுத்த நாள் என்ன நடந்தது?’ என்று படிப்படியாகக் கேட்டால் பத்து நிமிடத்தில் அந்தப் பகுதியின் வழக்கம் முழுவதும் வந்து விழும். ஈரோட்டுப் பக்கத்து ஒரு விசைத்தறிக் கூடத்தில், இழை தவறி ஓடிய துணியைப் பற்றி இப்படிக் கேட்டபோது, ஓட்டுபவர் சொன்ன பதில் என் நோட்டில் இப்படி இருக்கிறது: ‘பாத்தேனுங்க. ஆனா மேஸ்திரி அப்பத்தான் சாப்பிடப் போனாருங்க. சாப்புட்டு வரட்டும்னு இருந்தேன். வந்தவரு மொகம் சரியில்லீங்க. சரி, அடுத்த ஷிப்ட்டுக்காரங்க பாத்துக்குவாங்கன்னு உட்டுட்டேன்.’ ஐந்து வாக்கியத்தில் ஒரு செய்தி எங்கெங்கே நின்றது என்பது தெரிந்துவிட்டது. நேரம் ஒரு தடை, மேஸ்திரியின் முகம் ஒரு தடை, அடுத்த ஷிப்ட்டின் தலையில் கட்டலாம் என்ற வழக்கம் ஒரு தடை.

பேச்சின் நடுவே பாலியல் தொல்லை பற்றிய செய்தி வெளிவந்தால் அந்த நொடியிலிருந்து அதை ஆய்வுத் தகவலாக நடத்தாதீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அந்தக் குழு எங்கே இருக்கிறது, புகார் எப்படித் தருவது, புகார் எழுத உதவி எப்படிக் கிடைக்கும் என்பதை அப்போதே அவருக்குச் சொல்லி, அவர் முடிவெடுக்கத் துணை நில்லுங்கள்.

ஐந்தாம் படி: படிவம்

இவ்வளவுக்கும் பிறகுதான் படிவம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முப்பது வாக்கியங்கள் கொண்ட படிவத்தை அச்சடித்து, நேரம் மிச்சமாகட்டும் என்று லைன் சூப்பர்வைசர்கள் கையிலேயே கொடுத்து வாங்கினேன். எல்லா வாக்கியத்துக்கும் ஐந்துக்கு ஐந்து. முதலாளி மகிழ்ந்துபோனார், நானும் அதை நம்பினேன். இரண்டு மாதத்தில் செக்கிங் பகுதியிலிருந்து பதினோரு பெண்கள் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். அவர்களில் ஒரு அக்காவைப் பேருந்து நிலையத்தில் பார்த்துக் கேட்டேன். ‘படிவத்தைக் கொண்டாந்து குடுத்ததே அந்த அண்ணன்தானுங்க. எழுதி முடிக்கற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு. வேறென்னத்தைங்க எழுதறது?’ என்றார். அன்று அந்தப் பெண்கள் எனக்குக் கொடுத்ததும் ஒரு ‘சரிங்க’தான். அதை எண்ணாக மாற்றி வரைபடம் போட்டு மேலே அனுப்பியவன் நான். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, இந்தக் கட்டுரையை எழுதுவதற்கும் அதுவே காரணம்.

ஆகவே படிவத்தை மேற்பார்வையாளர் தொடக் கூடாது. பெயர், டோக்கன் எண், சேர்ந்த தேதி எதுவும் வேண்டாம். பகுதி, ஷிப்ட் இரண்டும் போதும். பூட்டிய பெட்டியில் தாமே மடித்துப் போட வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாக உள்ள பகுதியைத் தனியாக அறிக்கையில் காட்ட மாட்டோம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்துக் களைத்து நிற்பவரிடம் கொடுக்காமல், சம்பளத்தில் பிடித்தம் எதுவும் செய்யாமல் வேலை நேரத்திலேயே இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

எந்த அளவுகோலைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு வருகிறேன். மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிம் கேமரனும் ராபர்ட் குவினும் உருவாக்கியது உலகில் பரவலாகப் புழங்குவது. ஆறு தலைப்புகள்; ஒவ்வொன்றிலும் நான்கு வாக்கியங்கள்; நான்குக்கும் சேர்த்து நூறு புள்ளிகளைப் பங்கிட வேண்டும். நான்கும் நான்கு வகைப் பண்பாட்டைக் குறிக்கும்: குடும்பம் போன்றது, புதியதை முயல்வது, போட்டியில் வெல்வதையே குறியாகக் கொண்டது, விதிமுறைப்படி நடப்பது. ‘இப்போது எப்படி’, ‘எப்படி இருக்க வேண்டும்’ என இரண்டு முறை பங்கிடச் சொல்வார்கள், இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் பார்க்க வேண்டியது. எல்லாவற்றுக்கும் ஐந்து போடும் பழக்கத்தை இது தடுத்துவிடுகிறது, ஏனென்றால் ஒன்றுக்குக் கூட்டினால் மற்றொன்றில் குறைத்தாக வேண்டும்.

இதைத் தளத்தில் செய்யும்போது நான் காகிதத்தைத் தவிர்த்துவிடுகிறேன். நான்கு கிண்ணங்களை வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன் அதற்குரிய வாக்கியத்தை ஒருவர் தமிழிலும் இந்தியிலும் படித்துச் சொல்ல, ஒவ்வொருவர் கையிலும் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, திரைக்குப் பின்னால் தனியாகப் போய்ப் பங்கிட்டுவிட்டு வரச் சொல்கிறேன். ஒரு கொட்டை பத்துப் புள்ளி. எழுதப் படிக்கத் தயங்குபவர்களும் இதில் தயங்குவதில்லை. ஒரு பெரியவர் ஆறு கொட்டைகளைக் குடும்பக் கிண்ணத்தில் போட்டு, யோசித்து, இரண்டை எடுத்து விதிமுறைக் கிண்ணத்தில் போட்டதாக வெளியே வந்து தாமாகவே சொன்னார். அந்த இரண்டு கொட்டைகளைப் பற்றி அவரோடு பேசியது ஒரு முழு நேர்காணலுக்குச் சமமாக இருந்தது.

நம் நாட்டு மண்ணில் பிறந்த அளவுகோல் வேண்டுமென்றால், மனிதவள மேம்பாட்டு அறிஞர் உதய் பாரீக் உருவாக்கிய ஆக்டாபேஸ் இருக்கிறது. வெளிப்படைத்தன்மை, சிக்கலை நேராக எதிர்கொள்ளுதல், நம்பிக்கை, உள்ளொன்று புறமொன்று இல்லாமை, முன்முயற்சி, தன்னுரிமை, கூட்டுழைப்பு, சோதித்துப் பார்க்கும் துணிவு என எட்டுக் கூறுகளை நாற்பது வாக்கியங்களில் அளப்பது அது. அலுவலக ஊழியர்களுக்கும் ஐ.டி. நிறுவனங்களுக்கும் இது நன்றாகப் பொருந்தும் என்பது என் அனுபவம். நிறுவனப் பண்பாட்டை ஆராய்ந்த டேனியல் டெனிசனின் அளவுகோலும் பெயர்பெற்றது. பெரிய நிறுவனங்கள் அதை நாடுகின்றன. எதை எடுத்தாலும் உரிமை நிபந்தனைகளைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மொழிபெயர்ப்பில் அவசரம் கூடாது. ஒருவர் தமிழாக்க, மூலத்தைப் பார்க்காத வேறொருவர் அதை மறுபடி ஆங்கிலமாக்க, இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்று தெரியும். ‘என் மேலதிகாரி நியாயமாகவும் விரைவாகவும் முடிவெடுக்கிறார்’ என்பது போல ஒரு வாக்கியத்தில் இரண்டு கேள்விகளை வைக்காதீர்கள். பிறகு பதினைந்து பேரிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் அவர்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். ‘எனக்குச் சுதந்திரம் இருக்கிறது’ என்ற வாக்கியத்துக்கு ஒரு பெண், ‘வெளியில பாத்ரூம் போய்ட்டு வர்றதுக்கா கேக்கறீங்க?’ என்று கேட்டார். படிவம் திருத்தப்பட்டது, அந்தக் கேள்வியும் தனியாக என் நோட்டில் ஏறியது.

ஆறாம் படி: எண்களைப் படிப்பது

அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்திய ஐந்து படி அளவைத்தான் பெரும்பாலான படிவங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன, சராசரி எடுப்பதும் எளிது. ஆனால் சராசரியோடு நிற்பவர்களை நம் ஊர் நூற்பாலைக்காரர்கள் ஒரு நிமிடத்தில் திருத்திவிடுவார்கள். 1888இல் முதல் நூற்பாலையைக் கண்ட ஊர் கோவை. நூலையும் ஆலைகளின் திறனையும் ஆராய 1956இல் சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கப்பட்டதும் இங்கேதான். நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட் சராசரியாக நாற்பது இருந்தாலும், ஒரு கண்டில் தடித்தும் ஒரு கண்டில் மெலிந்தும் ஓடினால் அந்த நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கும் என்பது இங்கே தளத்து மேற்பார்வையாளரான ஜாபருக்கும் தெரியும். மனிதர்கள் தரும் எண்களும் அப்படித்தான். செக்கிங்கில் இருபது பேரும் 3 போட்டால் சராசரி 3. டெய்லரிங்கில் பத்துப் பேர் 1, பத்துப் பேர் 5 போட்டாலும் சராசரி 3. முதல் பகுதியில் எல்லோரும் மந்தமாக இருக்கிறார்கள். இரண்டாவது பகுதி இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. எக்செல்லில் சராசரிக்குப் பக்கத்திலேயே எண்கள் அதிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தையும் கணக்கிட்டு வையுங்கள். மேலே சொன்ன இரண்டு பகுதிக்கும் அது முறையே 0, ஏறத்தாழ 2 என்று வரும்.

அடுத்து, மேலாளர்கள் தந்த எண்ணையும் தளத்தினர் தந்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே போகப் போக எண் நன்றாக இருப்பது எங்கும் காணக்கூடியது. எந்த வாக்கியத்தில் அந்த இடைவெளி மிக அகலமோ அங்கேதான் ‘சரிங்க’ என்பது வேறு பொருளில் கேட்கப்படுகிறது.

நெதர்லாந்து உளவியலாளர் கீர்ட் ஹாஃப்ஸ்டெட் 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். ஊழியர்களிடம் எடுத்த தரவுகளைக் கொண்டு வகுத்த அளவில் ‘அதிகார இடைவெளி’யில், அதாவது மேல் கீழ் என்ற வேற்றுமையை மக்கள் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதில், இந்தியாவுக்கு 77 வந்தது. இதைக் காட்டி, ‘நம் ஆட்கள் அப்படித்தான், மேலே இருப்பவர் சொன்னால்தான் செய்வார்கள்’ என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். இந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. அது நாடுகளை ஒப்பிடும் எண், ஒரு கம்பெனியை விளக்கும் எண் அல்ல. ஒரே ஊரில், ஒரே சாலையில், ஒரே ஊர்க்காரர்கள் வேலை செய்யும் இரண்டு பம்ப் கம்பெனிகளில் ஒன்றில் ஃபிட்டர் முதலாளியின் வரைபடத்தையே திருத்துகிறார், மற்றொன்றில் தவறான வரைபடம் என்று தெரிந்தே கடைசல் போடுகிறார். நாடு ஒன்றுதான், வேறுபாடு கம்பெனிக்குள்ளே உண்டானது.

ஏழாம் படி: திருப்பிச் சொல்வது

படிவம் வாங்கிய முப்பது நாட்களுக்குள் முடிவைச் சொல்லிவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஷிப்ட் மாறும் நேரத்தில், தளத்திலேயே, முதலாளி தம் வாயால் சொல்வது நல்லது: நீங்கள் சொன்னதில் நல்லவை இவை, எங்களுக்கு வலித்தவை இவை, இதில் ஒன்றை இந்த மாதமே மாற்றுகிறோம், இந்த ஒன்றை இப்போது மாற்ற முடியாது, காரணம் இது. மாற்றும் ஒன்று சிறியதாக இருக்கலாம், ஆனால் எல்லோர் கண்ணிலும் பட வேண்டும். ஒரு நூற்பாலையில், மேஸ்திரி முதற்கொண்டு நிர்வாக இயக்குநர் வரை தளத்துக்குள் நுழைபவர் எல்லோரும் காதடைப்பான் போடுவது என்ற ஒரே மாற்றத்தைச் செய்தார்கள். நான்காம் நாளிலிருந்து சைடர் பெண்கள் தாமாகப் பெட்டியில் கை வைத்தார்கள்.

அடுத்த அளவீட்டை ஓராண்டு கழித்து அதே மாதத்தில் வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதமும் பொங்கல் முடிந்து ஊரிலிருந்து ஆட்கள் திரும்பும் வாரங்களும் வேண்டாம். வாக்கியங்களை மாற்றாதீர்கள், மாற்றினால் ஒப்பிட முடியாது. அதற்கு முன் முதலாளியோடு உட்கார்ந்து ஒன்றைப் பேசிவிட வேண்டும். வேலை சரியாக நடந்திருந்தால் இரண்டாம் ஆண்டில் பழுதுப் பதிவேட்டில் எண்ணிக்கை ஏறும், மயிரிழையில் தப்பிய விபத்துகளைப் பற்றிய குறிப்புகள் வரத் தொடங்கும், படிவத்தில் ஐந்துகள் குறைந்து இரண்டுகளும் மூன்றுகளும் தென்படும். அதைப் பார்த்து அவர் கோபித்துக்கொண்டால் மூன்றாம் ஆண்டில் எல்லோரும் மறுபடி ஐந்து போட்டுவிடுவார்கள். அந்த ஏற்றம் வரப்போகிறது என்பதை முன்கூட்டியே அவருக்குச் சொல்லி, பழைய நோட்டை எடுத்து, ‘என்னாச்சு’, ‘யாரு பண்ணுனது’ என்ற இரண்டு பக்கங்களில் உள்ள கோடுகளையும் அவரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.